பிரம்படி விழும் இடம்

சிவமயம்

சைவாசிரியப் பெருமக்களே,

ஆவணி மூல நன்னாளிலே சிவாலயங்கள் பலவற்றிற் பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடல் கொண்டாடப்படுகின்றது. அக்கதையைக் கேளாத சைவப் பிள்ளை இல்லை; அதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லாத சைவாசிரியரும் இல்லை. அதனைச் சொல்லும்பொழுதே நம்மிற் பலருடைய கையிலே பிரம்பு இருந்ததும் உண்டு. கதையும் பிரம்பும் இங்ஙனம் ஒருங்கே இருந்தமையை நாம் நின்று நோக்கினோமல்லேம். இன்று அதனையே நோக்கப் புகுகின்றோம்.

வைகை பெருக்கெடுத்து மதுரையை அழிக்க வந்தது. பாண்டியன் ஊரவர்க்கெல்லாம் பங்கு வகுத்துக் கரையை அடைக்குமாறு கட்டளையிட்டான். வந்தி என்னும் பிட்டு வாணிச்சிக்கு மக்களும் இல்லை, சுற்றமும் இல்லை. அவளுக்கு ஆளாகச் சோமசுந்தரக் கடவுளே கூலியாளாய் எழுந்தருளினார். உதிர்ந்த பிட்டே கூலி. வந்த கூலியாளோ பிட்டை உண்டான், ஆடினான், பாடினான், இடையிலே உறங்கியும் போனான். எல்லாருடைய பங்கும் அடைபட, வந்தியின் பங்கு மாத்திரம் வாய் திறந்து கிடந்தது. அரசன் கண்டான், சினந்தான், பிரம்பினாலே அவன் முதுகில் ஓங்கி அடித்தான். அவ்வடி அரசன் முதுகிலும் பட்டது. அரசியின் முதுகிலும், அமைச்சர் முதுகிலும், கருவிலுள்ள குழவியின் முதுகிலும், எண்ணில்லாத உயிர்கள் அனைத்தின் முதுகிலும் பட்டது. ஒரு கூடை மண்ணை உடைப்பிலே கொட்டிவிட்டுக் கூலியாள் மறைந்தான்.

இங்கே சிந்திக்கற்பாலது ஒன்று உண்டு. கரையிலே நின்ற அரசன் பக்கத்து நியாயம் சிறிதன்று. நகரம் வெள்ளத்தில் ஆழ இருந்தது. கூலி பெற்றவன் உறங்கிக் கிடந்தான். ஒருவன் பங்கு அடைபடாதொழியின் மற்றெல்லாருடைய உழைப்பும் வீணாகும். உலக நீதியைக் கொண்டு அளப்பின் அவ்வடிக்குக் காரணம் உண்டு என்றே எவரும் சொல்வர். ஆயினும் அவ்வடி தவறிற்று. யாது காரணம்? தன் எதிரே நிற்பவன் யாவன் என்பதையும், எவர்க்காக அவன் கூடை சுமந்தான் என்பதையும் அரசன் அறிந்திலன். அறியாதவன் அடித்த அடி, அடித்தவனையும் விடாது சென்று பற்றிற்று.

இவ்வுண்மையை யான் புராணம் படித்து அறிந்தேனல்லேன்; என் கையாற் செய்த பிழையினால் அறிந்தேன். பிறருக்கு உபதேசிக்க வந்தவன் தன் பிழையை முதலிற் சொல்லுதல் முறையாதலின், அதனைச் சொல்லுகின்றேன்.

சிலாபத்தின் வடக்கே உடப்பு, ஆண்டிமுனை முதலிய ஊர்களைத் தழுவிக் கற்பிட்டி வரையும் செல்லும் கரையை அறிந்தவர்கள், அங்கே கரைவலை இழுக்கும் காட்சியையும் அறிவார்கள். மேல்கடல் அடங்கிக் கிடக்கும் மாதங்களிலே, விடியுமுன்னரே தோணி சென்று வலையை வளைத்து வரும். இரு பக்கத்துக் கயிற்றிலும் ஆட்கள் நிரையாய் நின்று அம்பாப் பாடி இழுப்பார்கள். மடி கரையேறும்வரையும் ஒருவரும் கயிற்றை விடலாகாது. ஒரு வீட்டிலிருந்து ஆள் வராதாயின் அவ்வீட்டுக்கு அன்று பங்கு இல்லை.

1999ஆம் வருடம் தை மாதத்தில் அக்கரையைச் சேர்ந்த பாடசாலையொன்றிலே பத்தாம் வகுப்புக்குத் தமிழ் கற்பித்தேன். யான் ஆசிரியனாய் அமர்ந்து அப்பொழுது மூன்று வருடமும் நிரம்பவில்லை. ஒரு மாணாக்கன் கிழமையில் மூன்று நாள் பிந்தி வருவான், வந்தபின் உறங்குவான். இருமுறை கண்டித்தேன், காரணம் கேட்டிலேன். ஒரு நாள் புணரியல் நடத்தும்போது அவன் தலை மேசையிலே சாய்ந்தது. வகுப்பு நகைத்தது. அந்நகை என்னைக் குறித்தது என்று கொண்டு சினந்தேன். “கையை நீட்டு” என்றேன். இடக்கையை நீட்டினான். “வலது கை” என்று அதட்டினேன். வலக்கையை நீட்டினான், விரல்களை முற்றும் விரித்திலன். அதனையும் பணிவின்மை என்று கொண்டு மூன்றடி அடித்தேன்.

மூன்றாம் அடியிலே பிரம்பின் நுனி ஈரமாயிற்று. கையைப் பிடித்து விரித்துப் பார்த்தேன். தும்புக் கயிறு அறுத்த வெடிப்புக்கள் உள்ளங்கை முழுவதும் இருந்தன. உப்பு நீர் பட்டுப் பட்டு ஆறாது நின்ற அப்புண்ணின் மேலே என் பிரம்பு விழுந்திருந்தது. அவன் தந்தையார் காய்ச்சலாய்க் கிடந்தமையால், அவருடைய பங்கு போகாதபடி மூன்று கிழமையாக அவனே கயிறு பிடித்தான் என்பதை, இடைவேளையிலே வேறொரு பிள்ளை சொல்லக் கேட்டேன். ஆளில்லாத வீட்டுக்கு ஆளாய்ச் சென்று, பிறர் பங்கைத் தன் கையிலே சுமந்து, களைத்து உறங்கினான் ஒருவன். அவனைப் பாண்டியன் செய்தவாறே யானும் செய்தேன். ஆவணி தோறும் அக்கதையைச் சொல்லியவன் யான்.

அவன் அழவில்லை. “பரவாயில்லை சேர்” என்றான். மறுநாளும் வந்தான். சில கிழமைகளின் பின் வரவு குறைந்தது. அத்தவணை முடியுமுன் அவன் பெயர் இடாப்பிலிருந்து நீங்கிற்று. என் மூன்றடியே அவன் படிப்பைக் கெடுத்தது என்று துணிந்து சொல்லேன். வீட்டு நிலையும் கெடுத்தது. ஆயினும் அவன் இரு வழியிலும் கால் வைத்து நின்ற வேளையிலே, பிடித்து நிறுத்த வேண்டிய கை தள்ளிய கையாயிற்று. பல வருடங்களின் பின் மீன் சந்தையிலே அவனைக் கண்டேன். நல்ல மீனாகத் தெரிந்து தந்தான். காசு வாங்க மறுத்தான். “என் நன்மைக்குத்தானே சேர் அடிச்சீங்க” என்றான். அச்சொல்லை மன்னிப்பு என்று கொள்ள என்னால் இயலவில்லை. அது நான்காம் அடியாய் என் முதுகிலே விழுந்தது.

இனி, பிரம்புக்குச் சார்பாக நம்மவர் சொல்லும் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வோம்.

“யாமும் அடிபட்டன்றோ படித்தோம்? அடிபட்டமையாலன்றோ இந்நிலையை அடைந்தோம்?” என்பார் ஒரு சாரார். யானும் அடிபட்டே படித்தேன். மிஷன் வழிவந்த பாடசாலையிலே கற்றவன் யான். அங்கே பிரம்பு உண்டு. அது வெள்ளைக்காரர் கொணர்ந்த வழக்கம் என்று சொல்லி நாம் தப்புதல் கூடாது. நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே குட்டும், கோதண்டமும், முழங்காற் றண்டமும் அதற்கு முன்னரே இருந்தன. பிரம்புக்குச் சமயபேதம் இல்லை. யான் என் பழைய நாட்களை எண்ணிப் பார்க்குமிடத்து, எனக்கு ஆறடி தந்தவரிடத்து யாது கற்றேன் என்பது நினைவில் இல்லை. அடியின் எண் மாத்திரம் நினைவில் உண்டு. பாடம் விளங்காது விழித்தபோது மூன்றாம் முறையும் முகங்கோணாது சொல்லித் தந்தவர் வேறொருவர். இன்று யான் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் இலக்கணம் அவர் தந்தது. அடிபட்டும் கற்றவர் உளர் என்பது மெய். அடிபட்டமையாற் கற்றார் என்பது அதினின்று பெறப்படாது. அடிபட்டுக் கல்லாது போனவர்கள் ஆசிரியர் அறையிலே வந்து சாட்சி சொல்வதில்லை. அவர்கள் பாடசாலைக்கு வெளியே நிற்கின்றார்கள். பிரம்பைப் புகழும் சாட்சிகள் யாவரும் தப்பிப் பிழைத்தவர்களே.

“அடியாத மாடு படியாது” என்பார் மற்றொரு சாரார். இது பழமொழி. பழமொழிக்கு விடை சைவர்களாகிய நம்மிடத்துப் புராணத்திலேயே உளது. திருச்சேய்ஞலூரிலே விசாரசருமர் என்னும் சிறு பிள்ளை, தம்முடன் ஓதும் பிள்ளைகளோடு செல்லும்போது, ஈன்றணிய பசுவொன்று மேய்ப்பவனை முட்டப் போயிற்று. அவன் கோலினால் அதனைப் புடைத்தான். மாடு செய்தது பிழையன்று என்று விசாரசருமர் சொல்லிற்றிலர். அடிக்கும் கையைத் தடுத்தார்; பசுவின் பெருமையை அவனுக்கு உரைத்தார்; அப்பால், இனி இந்நிரையை யானே மேய்ப்பேன் என்று பொறுப்பையும் ஏற்றார். நல்ல புல்லும் நல்ல நீரும் உள்ள இடம் தேடி மேய்த்தார். வெயிலில் நிழல் தேடி நிறுத்தினார். பசுக்கள் முன்னையினும் மிகுதியாகப் பால் சுரந்தன. அவரைக் கண்டவுடனே தாமாகவே அணைந்து வந்தன. அடியாத மாடு படிந்தது, பாலும் பெருக்கிற்று. அவரே பின்னர்ச் சண்டேசுர நாயனாராயினார். நாம் கோயிலை வலம்வந்து முடிவிலே அவர் சந்நிதியில் நின்று வழிபாட்டை நிறைவு செய்கின்றோம். அங்கே நின்றுவிட்டுத் திங்கட்கிழமை காலையிலே அடியாத மாடு படியாது என்று எவ்வாறு சொல்வோம்?

இச்சரிதத்திலே ஆசிரியர் கவனிக்கவேண்டியது பின்னும் ஒன்று உண்டு. அடியாதே என்று தடுத்தவர் அவ்வளவில் வீடு சென்றாரல்லர். மேய்க்கும் தொழிலைத் தாமே ஏற்றார். பிரம்பை விடுவோர்க்குப் பிரம்பு செய்து வந்த வேலையை வேறொன்றினாற் செய்யும் கடமை உண்டு. அக்கடமையை ஏலாது பிரம்பை மாத்திரம் விட்டவர் பிள்ளைகளைக் கைவிட்டவரே ஆவர். இதனைப் பின்னர் விரிப்போம்.

மூன்றாவது நியாயம் கற்றவர்கள் கூறுவது, அதுவே வலியது. “இறைவனும் உயிர்களை ஒறுக்கின்றான், அது மறக்கருணை என்று நம் சாத்திரம் கூறும். சிவஞான சித்தியாரும், சொல்வழி நில்லாத புதல்வரைத் தந்தை தாயர் ஒறுத்தலை அதற்கு உவமையாய்க் காட்டிற்று. ஆதலின் ஆசிரியன் அடியும் மறக்கருணையேயாம்” என்பர்.

இதற்கு விடை கூறுதும். உவமை என்பது உலகத்திலே உள்ளதொன்றை எடுத்து, அறியப்படாத பொருளை அறிவிப்பது. அஃது உலகத்தார்க்கு விதி ஆகாது. பெற்றோர் அவ்வாறு செய்தல் அக்காலத்திற் கண்கூடாய் இருந்தமையின் ஆசிரியர் அதனை எடுத்துக் காட்டினார். போய் அவ்வாறு செய்யுங்கள் என்று ஏவினாரல்லர். இஃதொன்று. இனி, மறக்கருணை மறக்கருணை ஆவதற்குக் காரணம் யாது? ஒறுப்பவன் முற்றறிவினன், உயிரின் வினை இன்னது என்றும், அது தீரும் அளவு இவ்வளவு என்றும் உள்ளவாறு அறிந்தவன், சினமும் வெறுப்பும் இல்லாதவன், மலமற்றவன். ஆசிரியனாகிய நாம் எத்தகையேம்? ஆணவத்தாற் கட்டுண்டவர், ஒரு பிள்ளை ஏன் உறங்கினான் என்பதைக்கூட அறியாதவர், வகுப்பு நகைத்தால் நெஞ்சு சுடுபவர். பாண்டியன் கையில் இருந்த பிரம்பை இறைவன் கைத் தண்டம் என்று எண்ணுதல் பெரும் பிழை. அத்திருவிளையாடலிலே இறைவன் அடித்த இடத்தில் நின்றானல்லன். அடிபட்ட இடத்தில் நின்றான். மறக்கருணையை நமக்குத் துணையாக அழைக்குமுன், நாம் அடித்த அடிகளுள் சினமின்றி அடித்தவை எத்தனை என்று ஒவ்வொருவரும் திருவைந்தெழுத்தை எண்ணிக்கொண்டு தம் நெஞ்சைக் கேட்கக் கடவர். யான் கேட்டேன், ஒன்றும் தேறவில்லை.

இனி, நாட்டுச் சட்டம் நிற்கும் நிலையையும் ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சியில் 1883ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தண்டனைச் சட்டக்கோவை, நியாயமான அளவிலே மாணாக்கனை அடிக்கும் ஆசிரியன் சட்டவிரோதமாய்ப் பலாத்காரம் செய்தவனாகான் என்று உதாரணம் காட்டிற்று. அவ்வுதாரணத்தைத் தந்த ஆங்கிலேயரே தம் நாட்டின் அரசாங்கப் பாடசாலைகளில் 1987ஆம் ஆண்டிலே பிரம்பை நீக்கினர். சுவீடன் 1979ஆம் ஆண்டிலேயே வீட்டிலும் பிள்ளைகளை அடித்தலை விலக்கிற்று. பாடசாலை ஒழுக்கம் பிள்ளையின் மானத்துக்கு இயைந்ததாய் இருத்தல் வேண்டும் என்று கூறும் சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. இந்தியாவிலே 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல்வழித் தண்டனையையும் உளவழித் துன்புறுத்தலையும் ஒருங்கே விலக்கிற்று. நம் நாட்டுக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தாலும், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தாலும் பாடசாலைகளில் உடல்வழித் தண்டனை கூடாது என்று பணித்தது. அதனைக் குற்றமாக்கும் பொருட்டுச் சட்டக்கோவையைத் திருத்தும் முயற்சி 2025ஆம் ஆண்டில் எழுந்து, நாடெங்கும் வாதப் பிரதிவாதங்களை எழுப்பிற்று.

ஒரு வழக்கை மாத்திரம் சிறிது விரித்துச் சொல்லுகின்றேன். மாத்தறை மாவட்டத்துப் பாடசாலையொன்றிலே ஆசிரியர் ஒருவர் ஒரு மாணாக்கனைக் கன்னத்தில் அறைந்தார். அவ்வடியால் அவனுடைய ஒரு காதின் கேள்விப்புலன் நிரந்தரமாகப் பழுதுற்றது. உயர் நீதிமன்றம் 2021ஆம் ஆண்டு மாசி மாதத்தில் அளித்த தீர்ப்பிலே, இச்செயல் கொடிய, மானத்தைக் கெடுக்கும் நடத்தையை விலக்கும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறியது என்று கண்டு, ஆசிரியர் தம் கைப்பொருளிலிருந்து 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் கொடுக்கும்படி கட்டளையிட்டது. பெற்றோர் நம்மிடம் பிள்ளையை ஒப்புவிக்கும்போது, “கண்ணிரண்டையும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் உரித்துவிடுங்கள்” என்று சொல்வதுண்டு. அது நம்மேல் வைத்த நம்பிக்கையின் மிகுதியாற் சொல்லும் சொல். நமக்குத் தந்த உறுதிச்சீட்டன்று. அப்பிள்ளைக்குக் கண் தப்பிற்று, காது தப்பவில்லை. அறைந்த ஆசிரியரும் காதைக் கெடுக்க எண்ணிக் கை ஓங்கியிரார். கையை விட்டு நீங்கிய அடி எங்கே சென்று நிற்கும் என்பது அடிப்பவன் வசத்தில் இல்லை. இதுவன்றோ ஆலவாய்ச் சொக்கர் பாண்டியனுக்குக் காட்டியது?

ஆயினும் சட்டத்துக்கு அஞ்சி மாத்திரம் பிரம்பை விடுதல் போதாது. அஞ்சி விட்டவர் இரண்டு பிழைகளுக்கு ஆளாகின்றார். ஒன்று, “எனக்கென்ன?” என்று வகுப்பைக் கவனியாது விடுதல். மற்றொன்று, கைப்பிரம்பை வைத்துவிட்டு நாவைப் பிரம்பாக்குதல். “நீ வலை இழுக்கத்தான் உதவுவாய்” என்று நம் கரையோரப் பிள்ளைகளை நோக்கி ஆசிரியர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். தந்தை செய்யும் தொழிலை வசையாக்கி மகனுக்கு எறிதல் பிரம்படியினும் கொடிது. பிரம்பின் தழும்பு கையோடு நிற்கும். இது குடும்பம் முழுவதன் முதுகிலும் விழும்.

அற்றேல் யாது செய்வது? நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கைப்பேசியும் போதைப்பொருளும் வாயில்வரை வந்துள்ள காலத்திலே, ஒழுங்கை எவ்வாறு காப்பது? இக்கேள்வி நியாயமானது. யான் கண்டவற்றைச் சொல்லுகின்றேன்.

முதலாவது, கேட்டல். சீகாழியிலே பிரமதீர்த்தக் கரையில் மூன்று வயதுப் பிள்ளையின் வாயிலே பால் வழியக் கண்ட சிவபாதவிருதயர், எவரோ தந்த எச்சிலை உண்டான் என்று எண்ணிச் சிறுகோல் எடுத்து ஓச்சினார். ஆயினும் அடிக்குமுன் கேட்டார்: இப்பாலை உனக்குத் தந்தவர் யார்? பிள்ளை விடை சொல்லிற்று. அவ்விடையே முதற்றேவாரம். கோல் ஓங்கிய தந்தையார் கேளாது அடித்திருப்பின் தாம் இழந்திருப்பது யாது என்று எண்ணுங்கள். நம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ஞானசம்பந்தர் அல்லர். ஆனால் ஒவ்வொருவனிடத்தும் நாம் அறியாத விடை ஒன்று உண்டு. பிந்தி வந்தவனைத் தனியே அழைத்துக் காரணம் கேட்க இரண்டு நிமிடம் போதும். யான் அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம்பிடித்தே ஒரு மாணாக்கனை இழந்தேன்.

இரண்டாவது, சினத்தோடு தீர்ப்புச் சொல்லாதிருத்தல். குற்றம் கண்ட வேளையிலே, “இதனை நாளைக்குப் பேசுவோம்” என்று சொல்லி விடுக. மறுநாட் பார்க்கும்போது குற்றம் பெரும்பாலும் பாதியளவாய்ச் சுருங்கியிருக்கும். சுருங்கியது குற்றம் அன்று, நம் ஆணவம்.

மூன்றாவது, தண்டம் குற்றத்தோடு பொருந்துதல். எழுதாது வந்தவன் இருந்து எழுதி முடிக்கக் கடவன். வாங்கின் காலை உடைத்தவன் அதனைச் செப்பனிடுவாரோடு நின்று உதவக் கடவன். பிறனை ஏசியவன் அவனிடத்து மன்னிப்புக் கேட்கக் கடவன். இவை இலகுவான தண்டங்களல்ல. உள்ளங்கையில் வாங்கும் அடியே இலகுவானது. வாங்கியவுடன் கணக்குத் தீர்ந்தது என்று பிள்ளை போய்விடுவான். செய்ததைத் திருத்துதல் அவனைச் சிந்திக்க வைக்கும்.

நான்காவது, பெருங்குற்றங்களைத் தனியே சுமவாதிருத்தல். போதைப்பொருள், ஆயுதம், பெண்பிள்ளைகளுக்குச் செய்யும் தீங்கு என்பன பிரம்பினால் ஒருபோதும் தீர்ந்தனவல்ல. அதிபர், பெற்றோர், உடனாசிரியர் கூடி, எழுத்திற் பதிந்து, வேண்டுமிடத்துச் சிறுவர் பாதுகாப்பு அதிகாரிகளையும் அழைத்துத் தீர்க்கவேண்டியவை அவை.

ஐந்தாவது, நாம் நேரத்துக்கு வருதலும், பாடத்தை ஆயத்தஞ் செய்து வருதலும். மணி அடித்துப் பத்து நிமிடத்தின் பின் வகுப்புக்கு வரும் ஆசிரியன் பிந்தி வந்த மாணாக்கனுக்கு எதனைக் கற்பிப்பான்?

யான் பிரம்பை வைத்த முதற்றவணையிலே என் வகுப்பு முன்னையினும் இரைந்தது என்பதை மறைக்கமாட்டேன். அடிக்கு மாத்திரம் அடங்கப் பழகியவர்கள், அடி இல்லையென்றவுடன் அடங்குவதற்கு வேறு காரணம் அறியாது நின்றார்கள். அது பிள்ளைகளின் குற்றமன்று. வேறு காரணத்தை நாம் அவர்களுக்கு ஒருபோதும் கற்பித்திலோம். பொறுத்திருந்தேன். அடுத்த தவணையிலே, கரைவலைக் காலத்தில் எந்த எந்த வீட்டுப் பிள்ளைகள் கயிற்றுக்குப் போகின்றார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். அவர்கள் தவறவிட்ட பாடத்தை இடைவேளையிற் கால் மணி நேரம் இருத்திச் சொல்லிக் கொடுத்தேன். பெற்றோர் வீடுகளுக்கும் சென்று, பரீட்சை ஆண்டிலேனும் பிள்ளையைக் கயிற்றுக்கு அனுப்பாதிருக்குமாறு வேண்டினேன். சிலர் கேட்டார்கள், சிலர் தம் அடுப்பைக் காட்டினார்கள். எல்லாரும் க.பொ.த. சாதாரண தரத்திலே தேறினார்கள் என்று சொல்லேன். பெயர் வெட்டுண்டு போனவர் தொகை குறைந்தது என்பது மாத்திரம் மெய்.

நன்னூலார் ஆசிரியனுக்கு நிலத்தையும், மலையையும், நிறைகோலையும், மலரையும் உவமை சொன்னார். அவ்விலக்கணத்திலே ஆசிரியனுக்குரிய கோல் ஒன்று உண்டு; அஃது அடிக்கும் கோலன்று, துலாக்கோல். ஐயம் தீர உண்மையை அளந்து, இரு தட்டுக்கும் நடுவே நிற்பது அது. ஆசிரியனாகாதவனுக்கு அவர் காட்டிய உவமைகளுள் மடற்பனையும் ஒன்று. பழம் இருந்தும் அருகே அணையவொண்ணாது கருக்கு மட்டையால் மூடப்பட்ட மரம் அது. கற்பிட்டிப் பக்கத்துப் பனைகளை நோக்கும்போதெல்லாம், பிரம்பேந்தி நின்ற என் இளமைக் கோலமே எனக்கு நினைவு வருகின்றது.

அன்பர்களே, இவ்வருடம் ஆவணி மூலத்திலே பிட்டுக் கதையை வகுப்பிற் சொல்லும்போது, கூலியாள் உறங்கிய இடத்திலே சற்று நிறுத்துங்கள். உங்கள் வகுப்பிலே கடைசி வாங்கிலே உறங்குபவன் யாவன் என்று நோக்குங்கள். அவன் எவருடைய பங்கைச் சுமந்து களைத்து வந்தான் என்று கேளுங்கள். கையிலே பிரம்பு இருப்பின் அதனை மேசைமேல் வைத்துவிட்டுக் கேளுங்கள். அவன் கையை நீட்டச் செய்தல் வேண்டுமாயின், புண் உண்டோ என்று பார்ப்பதற்காக நீட்டச் செய்யுங்கள்.

திருச்சிற்றம்பலம்.